வடிவம் ஒன்று, கேபிள் வேறு

"ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டும் அறுபதைத் தாண்டல. பேட்டரி போயிடுச்சு, மாத்திடுங்க" என்று போன வாரம் ஒருவர் போனை நீட்டினார். நல்லவேளை, சார்ஜரையும் கேபிளையும் கூடவே கொண்டுவந்திருந்தார். நடுவில் மீட்டரைச் செருகினேன்: 5 வோல்ட், 0.4 ஆம்பியர், அதாவது இரண்டே வாட். கேபிளை மட்டும் மாற்றினேன்: 9 வோல்ட், 1.6 ஆம்பியர், அதாவது 14 வாட்டுக்கு மேல். பேட்டரியில் கோளாறே இல்லை.

கேபிள் ஏது என்று கேட்டால், மேசை விளக்கோடு வந்ததாம். அவரிடம் கேட்டுக்கொண்டு அதை வெட்டிப் பார்த்தேன். உள்ளே சிவப்பும் கறுப்புமாக இரண்டே கம்பிகள், அதுவும் நூல் கனத்தில். பச்சையும் வெள்ளையும் இருக்க வேண்டிய இடம் காலி. அவைதான் டேட்டா கம்பிகள். போனிலிருந்து கணினிக்குப் படங்களை மாற்றுவதற்கு மட்டும்தான் அவை என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு பக்கம் பழைய அகலமான யூஎஸ்பி முனை உள்ள கேபிள்களில், சார்ஜர் எப்படிப்பட்டது என்று போன் தெரிந்துகொள்வதும் பெரும்பாலும் அவற்றின் வழியாகத்தான். தகவல் கிடைக்காவிட்டால் போன் பயந்து பயந்துதான் மின்சாரம் எடுக்கும்.

இரண்டு பக்கமும் டைப்-சி என்றால் கதை வேறு. சாதாரண கேபிள் 3 ஆம்பியர், 60 வாட் வரை தாங்கும். அதற்கு மேல் போக முனைக்குள் ஒரு சிறிய சிப் இருக்க வேண்டும். அது இல்லையென்றால் 100 வாட் சார்ஜரும் 60-ஓடு நின்றுவிடும். "புது சார்ஜர் வாங்கியும் லேப்டாப் மெதுவாகத்தான் ஏறுகிறது" என்பவர்களிடம் நான் முதலில் கேட்பது கேபிளைத்தான். போனோடு வரும் டைப்-சி கேபிள்கள் பலவற்றில் டேட்டா வேகம் நொடிக்கு 480 மெகாபிட்தான், அதாவது 2000-ஆம் ஆண்டின் யூஎஸ்பி 2.0. அதில் மானிட்டரை இணைத்துவிட்டுப் படம் வரவில்லையே என்று போர்ட்டைக் குறை சொல்லிப் பயனில்லை.

டிவி, மானிட்டருக்குப் படமும் ஒலியும் கொண்டுபோகும் எச்டிஎம்ஐ கேபிள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தங்க முலாமுக்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள், படம் அதனால் பளிச்சென்று ஆகிவிடாது. 4கே-யில் நொடிக்கு 120 பிரேம் வேண்டுமென்றால் மட்டும் உறையில் 'அல்ட்ரா ஹை ஸ்பீடு' என்று இருக்கிறதா பாருங்கள்.

அப்புறம், முனை சூடேறினாலோ கழுத்துப் பகுதியில் உறை விரிந்திருந்தாலோ டேப் சுற்றிச் சமாளிக்காமல் தூக்கிப் போடுங்கள்.

சரி, வெட்டிய கேபிளுக்கு நான்தானே பொறுப்பு? டேட்டா கம்பி அறுந்துபோய் ஓரமாகக் கிடந்த கேபிள் ஒன்றை எடுத்து அவரிடம் கொடுத்தேன். விளக்குக்கு இரண்டு கம்பி போதும்.