புகைபோக்கி ஓரிடம், புகை இறங்குவது வேறிடம்

"புகைபோக்கி இங்க இருக்கு, நெடி மட்டும் ஏன் தள்ளியிருக்கிற ஊருக்குப் போகுது?" கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றி வாழ்பவர்களின் இந்தக் கேள்வி மிகச் சரியானது. ஆலைப் புகை எங்கே, எவ்வளவு பரவும் என்று கணினி மாடல் வைத்துக் கணக்கிடுவது என் வேலை.

புகைக் கணக்கைக் கடினமாக்கும் சிக்கலான நிலப்பரப்பு என்றதும் மலையும் பள்ளத்தாக்கும்தான் நினைவுக்கு வரும். 1948இல் அமெரிக்காவின் டொனோராவில் ஆலைப்புகை பள்ளத்தாக்கைவிட்டு வெளியேற வழியின்றித் தேங்கி, 20 பேர் இறந்தார்கள். கடலூரில் கேப்பர் மலையை விட்டால் பெரிய மேடு இல்லை. அதற்காக இதைச் சாதாரணச் சமவெளியாக நினைப்பது தவறு. கடற்கரையும் சிக்கலான நிலம்தான்.

பகலில் கடலிலிருந்து வரும் காற்று குளிர்ந்தது, அதிகம் கலங்காதது. உயரமான புகைபோக்கியிலிருந்து வரும் புகை அதில் ஒரு பட்டையாக, கீழே இறங்காமல் நகரும். ஆனால் வெயிலில் சூடான தரை, தன்மேல் உள்ள காற்றைக் கொதிக்கும் உலைபோலக் கலக்குகிறது. இந்தக் கலக்கம் கரையோரம் மெல்லியதாகத் தொடங்கி, உள்ளே போகப்போக உயர்கிறது. அது புகைப்பட்டையைத் தொடும் இடத்தில் மொத்தப் புகையும் தரைக்கு இழுக்கப்படும். ஆலை வாசலில் ஒன்றும் தெரியாது. சில கிலோமீட்டர் தள்ளி மூச்சு முட்டும்.

பரவலாகப் பயன்படும் ஏர்மாட் மாடல், ஒரு மணி நேரத்துக்கு ஒரே காற்று எல்லா இடத்திலும் வீசுவதாக வைத்துக்கொள்கிறது. மேடு பள்ளத்தைக் கணக்கில் எடுக்கும், கரையோர மாற்றத்தைத் தானாக எடுக்காது. கால்பஃப் போன்ற மாடலில் அதற்கு வழி உண்டு. இன்னொன்றுதான் எனக்குப் பெரிய கவலை: காற்றே அசையாத மணி நேரங்களுக்கு ஏர்மாட் கணக்கே போடாது. தொட்டியிலும் கழிவுநீர்க் கால்வாயிலும் கசியும் வாயு தரையோடு படிந்து கிடப்பது அந்த மாதிரி இரவுகளில்தான்.

ஆலையால் சுற்றுச்சூழலுக்கு என்ன பாதிப்பு வரும் என்று முன்கூட்டியே மதிப்பிடச் சொல்லும் 2006ஆம் ஆண்டு மத்திய அரசு அறிவிக்கையின்படி, பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பே அறிவிப்பு வர வேண்டும்; அந்த மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் கிடைக்க வேண்டும். வாங்கிப் படியுங்கள். காற்றுத் தரவு எந்த நிலையத்தில் எடுத்தது, கடலிலிருந்து எவ்வளவு தூரம்? அசையாக் காற்று மணி நேரங்கள் எத்தனை, அவற்றை என்ன செய்தார்கள்? கசிவுகளைச் சேர்த்தார்களா? நேராகக் கேளுங்கள். அப்புறம், நெடி வரும்போதெல்லாம் தேதி, நேரம், காற்றின் திசை மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கூட்டத்தில் அதை எழுத்துமூலமாகவே கொடுக்கலாம்.