கன்ஃபெஷனல்: வாக்குமூலமா, தன்கூற்றா?

பெண் ஒருத்தி தன் வாழ்க்கையைத் தானே எழுதினால், மதிப்புரையில் முதலில் வந்து உட்காரும் சொல் 'கன்ஃபெஷனல்'. அதைத் தமிழில் 'வாக்குமூல எழுத்து' என்கிறோம். அந்தத் தமிழாக்கம் எனக்கு நெடுநாளாக உறுத்தல்.

'கன்ஃபெஷன்' என்ற ஆங்கிலச் சொல்லின் மூலம் லத்தீன். ஒப்புக்கொள்ளுதல், வெளிப்படச் சொல்லுதல் என்று பொருள். புனித அகுஸ்தினார் தம் தன்வரலாற்றுக்கு இந்தப் பெயரை வைத்தபோது, பாவத்தைச் சொல்வது, இறைவனைப் புகழ்வது என்ற இரண்டும் அதில் அடங்கின. குருவிடம் பாவங்களைச் சொல்வதற்குத் தமிழ்க் கத்தோலிக்கரின் பழைய வழக்கான 'பாவசங்கீர்த்தனம்' அந்த இரண்டையும் அழகாகப் பிடித்திருக்கிறது. சங்கீர்த்தனம் என்றால் புகழ்ந்து பாடுவதுதானே! தமிழ் அச்சுக்கும் 'கன்ஃபெஷன்' பழகிய சொல்தான். 1580-இல் கொச்சியில் அன்றிக்கே அடிகளார் அச்சிட்ட தமிழ் நூல் ஒரு பாவசங்கீர்த்தனக் கையேடு. அதன் தலைப்பே இந்தச் சொல்லின் போர்ச்சுகீசிய வடிவம்.

இலக்கியத்தில் 'கன்ஃபெஷனல்' அடைமொழியாக நிலைத்தது 1959-இல். அமெரிக்கக் கவிஞர் ராபர்ட் லோவலின் கவிதைத் தொகுப்புக்கு விமர்சகர் எம்.எல். ரோசன்தால் எழுதிய மதிப்புரை அதற்கு வழிவகுத்தது. ஓர் ஆணின் கவிதைக்காக வந்த பெயர், பிறகு அமெரிக்கக் கவிஞர்கள் சில்வியா பிளாத், ஆன் செக்ஸ்டன், நம் பக்கத்தில் கேரளத்தின் கமலா தாஸ் என்று பெண்களிடமே அதிகம் ஒட்டிக்கொண்டது.

கமலா தாஸ், மாதவிக்குட்டி என்ற பெயரில் 'என்டெ கதா' ('என் கதை') என்ற தன்வரலாற்றை 1972-இல் 'மலையாளநாடு' வார இதழில் தொடராக எழுதினார். மணவாழ்வின் வெறுமை, உடல், காதல், நோய் எல்லாம் அதில் வந்தன. குடும்பத்திலிருந்தே எதிர்ப்பு எழுந்தது. வெட்கங்கெட்டவள் என்றார்கள் சிலர். எங்கள் மனத்தில் கிடந்ததைச் சொல்லிவிட்டாள் என்றார்கள் சிலர். அதில் கற்பனையும் உண்டு என்று பின்னாளில் அவரே சொன்னதும், ஏமாற்றிவிட்டார் என்று கோபித்தவர்களும் உண்டு.

நான் படித்தது நூலகப் பிரதி. ஒரு பக்க ஓரத்தில் நீல மையில் 'இதெல்லாம் நிஜமா?' என்று இருந்தது. அதற்குக் கீழே பென்சிலில், அழுத்தாமல், சின்ன எழுத்தில்: 'எனக்கும்'. அந்தப் பக்கத்தைத் திருப்ப எனக்கு வெகுநேரம் ஆயிற்று.

நீல மைக்காரரின் கேள்வியைத்தான் 'வாக்குமூலம்' என்ற சொல் வளர்த்துவிடுகிறது. அது காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் புழங்கும் சொல். அதைச் சூட்டிய உடனே எழுதியவள் கூண்டில் ஏறிவிடுகிறாள். படிப்பவர் விசாரணை அதிகாரி. வாக்குமூலத்தில் கற்பனை கலந்தால் குற்றம். எழுத்தில் கலந்தால் அது கலை. 'ஒப்புதல்' என்றாலும் இதே சிக்கல்தான்: எதை ஒப்புக்கொள்கிறாள், யாரிடம்? 'சுயசரிதை', 'தன்வரலாறு' இரண்டும் நல்ல சொற்கள். ஆனால் முழு வாழ்க்கை வரிசையைக் கேட்பவை. ஒரு மாலை நேரத்தைப் பற்றிய நாலு பக்கக் கட்டுரைக்குப் பெரிய சட்டை.

என் தேர்வு 'தன்கூற்று'. சங்க அகப்பாடல்களின் பதிப்புகளில் 'தலைவி கூற்று', 'தோழி கூற்று' என்று குறிப்பு இருக்கும். பேசுவது யார் என்பதை மட்டும் அது சொல்லும். குற்றம், பாவம், சாட்சி எதுவும் அதில் இல்லை. அகத்திணையில் 'சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்', அதாவது யாரையும் பெயர் சுட்டிச் சொல்லக் கூடாது என்று தொல்காப்பியம் விதித்ததால், பாடியவரும் பேசுபவரும் ஒருவரே என்று கட்டாயப்படுத்தவும் இடமில்லை. 'தன்' சேரும்போது எழுதியவளின் வாழ்க்கை உள்ளே வருகிறது. 'கூற்று' அதைச் சொல்லும் விதத்தை அவள் கையிலேயே விட்டுவைக்கிறது.

அந்த விதியையும் மீறி ஒரு பெண்கவியின் பெயர் இன்னொரு பெண்கவியின் அகப்பாட்டில் வந்துவிட்டது. அகநானூறு 147-இல், பிரிந்து போனவனைத் தேடிப் புறப்படத் துணிந்த தலைவியை ஔவையார் இப்படிப் பேசவைக்கிறார்: 'வெள்ளி வீதியைப் போல நன்றும் செலவயர்ந் திசினால் யானே.' வெள்ளிவீதியைப் போல நானும் கிளம்பத் துணிந்துவிட்டேன் என்கிறாள். பென்சிலில் எழுதிய அந்த 'எனக்கும்' இதுதான்.