உறையைக் கூட்டாதீர்கள், மாற்றுங்கள்

இந்த மாதத்தில் இது மூன்றாவது போன். காங்கேயம் பக்கம் சின்னதாகத் தயிர் யூனிட் வைத்திருப்பவர். "அம்முணி, ராத்திரி உறை போட்டது காலைலயும் பாலாட்டவே நிக்குதுங்க. இன்னைக்கு டபுளாப் போட்டும் பிடிக்கலீங்க. பால்காரங்க என்னமோ கலந்துபோட்டாங்க, இந்த வாரப் பணத்தை நிறுத்திட்டேன்."

டபுளாகப் போட்டது எதை? அதே உறையை!

பாலைக் குறை சொல்வதற்கு முன் இரண்டு டம்ளர் எடுங்கள். ஒரே பாலைக் காய்ச்சி ஆறவைத்து, ஒன்றில் உங்கள் உறை, மற்றொன்றில் வேறு உறை. இரண்டுமே பிடிக்கவில்லை என்றால் பாலைச் சந்தேகப்படலாம். மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டின் பாலாக இருக்கலாம்; அந்த மருந்து உறையில் இருக்கும் பாக்டீரியாவையும் கொல்லும். புது உறை மட்டும் பிடித்தால் பால் நல்ல பால். பெரும்பாலும் உங்கள் உறையில் இருக்கும் பாக்டீரியாவை வைரஸ் தின்கிறது. (பயப்படாதீர்கள், அது மனிதரைத் தொடாது.)

இதைச் சொன்னதும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "வைரஸ் தாங்குற கல்ச்சர்னு சொல்லித்தான வித்தாங்க?" (கல்ச்சர் என்பது பாக்கெட்டில் விற்கும் உறை.) தாங்கும். ஆனால் எதைத் தாங்கும்? தயிர் பாக்டீரியா ஒரு வைரஸிடம் தப்பிப் பிழைத்தால், அந்த வைரஸின் மரபணுவில் சுமார் முப்பது எழுத்து நீளத் துண்டைத் தன் மரபணுவுக்குள் செருகிக்கொள்வதுண்டு. அதே வைரஸ் மறுபடி வந்தால் அடையாளம் பார்த்து வெட்டும். வாரிசுகளுக்கும் அந்த நினைவு போகும். 2007-இல் டானிஸ்கோ என்ற டென்மார்க் உணவுப்பொருள் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ் என்ற தயிர் பாக்டீரியாவில் நிரூபித்தது இதைத்தான். 2020-இல் நோபல் வாங்கிய, மரபணுவை வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் கத்திரிக்கோலுக்கு வேர் இந்த நினைவுதான். 'அப்போ மரபணு மாத்துன தயிரா?' என்று கேட்காதீர்கள். பாக்டீரியா தானே செய்துகொள்வது இது.

அது பழைய எதிரியின் அடையாளம், அவ்வளவுதான். வைரஸ் அந்தத் துண்டில் சரியான இடத்தில் ஒரே ஓர் எழுத்தை மாற்றிக்கொண்டால் போதும், காவல்காரனுக்கு ஆள் தெரியாது. நீங்களோ மாதக்கணக்கில் ஒரே கல்ச்சர், அதுவும் நேற்றைய தயிரையே எடுத்து இன்றைக்கு உறை. வைரஸுக்கு தினமும் பழகிய இரை. ஒரு பாக்டீரியா வெடித்தால் பல பத்து வைரஸ்கள் வெளியே வரும். சோளக்காட்டுக்குள் ஆடு புகுந்திருக்கும்போது இன்னும் நாலு படி சோளம் விதைப்பீர்களா?

வீட்டு உறை ஏன் சுலபத்தில் விழுவதில்லை என்றால், அதில் பல இனங்கள் கலந்து கிடக்கும். ஒன்று விழுந்தால் இன்னொன்று பிடித்துக்கொள்ளும். பாக்கெட் கல்ச்சரில் பெரும்பாலும் சில இனங்கள்தான்.

அதனால் கல்ச்சரைச் சுழற்சியில் மாற்றுங்கள். லேபிள் வேறு என்பது போதாது; ஒரே வைரஸுக்கு விழாத இனங்களா என்று விற்பவரிடம் கேளுங்கள், தெரியாது என்றால் வேறு ஆளைப் பாருங்கள். தயிர்த் தண்ணீர் தரையில் நிற்கக் கூடாது, வைரஸ் குடியிருப்பதே அதில்தான். அங்கே நடந்த செருப்போடு உறை போடும் அறைக்குள் போகாதீர்கள். தொட்டியைத் தேய்த்துக் கழுவிய அப்புறம்தான் குளோரின். அழுக்கின் மேல் ஊற்றினால் காசுதான் கரையும். பாஸ்டரைஸ் செய்த பால்தானே என்ற தைரியமும் வேண்டாம். 72 டிகிரியில் 15 விநாடியைத் தாண்டி வரும் வைரஸ்கள் நிறைய உண்டு.

காங்கேயத்துக்காரர் டம்ளர் சோதனை செய்துவிட்டுச் சாயங்காலம் கூப்பிட்டார். புது உறை கெட்டியாகப் பிடித்திருக்கிறதாம். சரிங்க, அந்தப் பால்காரர்கள் பணத்தை இன்றைக்கே கொடுத்துவிடுங்கள் என்றேன்.