மும்பையில் இரண்டு நாள்: சனிக்கிழமைக்கு எது, ஞாயிற்றுக்கிழமைக்கு எது

மும்பைக்கு வார இறுதியில் போய்வரத் திட்டம் போடுகிறவர்களின் தாளில் இடங்கள் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். எலிஃபண்டாத் தீவுக் குகை, கேட்வே, ஃபோர்ட் பகுதிக் கட்டடங்கள், கடலுக்குள் இருக்கும் ஹாஜி அலி தர்கா, மாட்டுங்காவில் ஒரு ஃபில்டர் காபி. கோளாறு வரிசையில்தான். இந்த ஊரில் ரயில் பாதையைப் பழுது பார்ப்பது ஞாயிறு. எலிஃபண்டாக் குகை மூடுவது திங்கள். ஹாஜி அலிக்குப் போகும் பாதையை மூடுவது கடல். மூன்றையும் பார்க்காமல் போட்ட திட்டம் முதல் நாள் மதியமே குலைந்துவிடும்.

முதலில் வந்து சேர்வது. சென்னையிலிருந்து ரயில் கிட்டத்தட்ட ஒரு நாள் எடுக்கும், அதனால் இரண்டு நாள் பயணத்துக்கு விமானம்தான். டிக்கெட் எடுக்கும்போது எந்த விமான நிலையம் என்று பாருங்கள். பழையதன் குறியீடு பி.ஓ.எம். 2025 அக்டோபரில் திறந்துவைக்கப்பட்ட நவி மும்பை நிலையத்துக்கு என்.எம்.ஐ. கட்டணம் ஐந்நூறு ரூபாய் குறைவாகத் தெரிந்தாலும், அங்கிருந்து தெற்கு முனையிலுள்ள கொலாபாவுக்கு டாக்சியில் வந்தால் லாபம் கரைந்துவிடும். அடல் சேது என்ற கடல் பாலம் வழியாக வந்தால் காருக்குச் சுங்கம் மட்டுமே ஒரு வழிக்கு 250 ரூபாய்.

பி.ஓ.எம்.மில் இறங்கினால் நிலத்தடி மெட்ரோவான அக்வா லைன் இருக்கிறது. டி1, டி2 முனையங்கள் இரண்டுக்கும் தனித்தனி நிலையம். 2025 அக்டோபரிலிருந்து அது தென் மும்பையின் கஃப் பரேடு வரை ஓடுகிறது. சர்ச்கேட்டுக்கு ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம், அதிகபட்சக் கட்டணம் 70 ரூபாய். க்யூஆர் டிக்கெட்டை மேலே இருக்கும்போதே எடுத்து ஸ்கிரீன்ஷாட் வைத்துக்கொள்ளுங்கள். இரவு பத்தரையை ஒட்டிக் கடைசி வண்டி போய்விடும் என்பதால், வெள்ளி இரவு ஒன்பதரைக்கு மேல் தரையிறங்கும் விமானம் என்றால் டாக்சிச் செலவையும் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

தங்குவது கொலாபா, சர்ச்கேட், சி.எஸ்.எம்.டி. (சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸ் ரயில் நிலையம், பழைய ஆட்களுக்கு இன்றும் அது வி.டி.தான்) ஆகிய மூன்றுக்குள் எங்காவது இருக்கட்டும். அந்தேரியில் அறை வாடகை குறைவுதான். ஆனால் பார்க்க வேண்டியதில் பாதிக்கு மேல் தெற்கு முனையில் இருக்கிறது. கொலாபாவின் பழைய கட்டடங்களில் அறை எடுக்கும்போது மூன்று கேள்விகளைப் போனில் கேட்டுவிடுங்கள்: லிஃப்ட் உண்டா, ஜன்னல் வெளிப்பக்கம் திறக்குமா, குளியலறை அறைக்குள்ளேயே இருக்கிறதா. மரத்தடுப்பு வைத்துப் பிரித்த அறைகள் அங்கே நிறைய. படத்தில் அது தெரியாது. தென் மும்பையில் ஆட்டோ ஓடாது. பாந்த்ராவுக்கும் சயனுக்கும் வடக்கேதான் ஆட்டோ. இந்தப் பக்கம் கறுப்பு-மஞ்சள் டாக்சி, மீட்டர்படி குறைந்தபட்சம் 31 ரூபாய் (2025 பிப்ரவரி முதல்). மீட்டர் போட மாட்டேன் என்றால் அடுத்த வண்டிக்குப் போங்கள், பேரம் பேச வேண்டாம்.

எலிஃபண்டாவுக்குச் சனிக்கிழமைக் காலைதான் நேரம். கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து படகு காலை ஒன்பதை ஒட்டிக் கிளம்பத் தொடங்கும், ஒரு மணி நேரப் பயணம். தீவில் இறங்கியதும் நீண்ட துறைமேடை. அதைத் தாண்ட ஒரு குட்டி ரயில் உண்டு, நடந்தும் போகலாம். அப்புறம் 120 படிகள். குகைக்குள் ஒன்றரை மணி நேரம் வேண்டும். முகம் மூன்றாகத் தெரியும் சதாசிவச் சிற்பத்தின் முன்னால் மட்டும் அரை மணி நிற்கலாம். திரும்பும் படகையும் சேர்த்தால் மொத்தம் ஐந்து மணி நேரம். ஒன்பது மணிப் படகில் போனவர் இரண்டு மணிக்குச் சாப்பாட்டு மேஜையில் இருப்பார். பன்னிரண்டு மணிப் படகில் போனவர் உச்சி வெயிலில் படி ஏறி, இறங்கியதும் கடைசிப் படகை நினைத்துப் பதறுவார்.

படகு டிக்கெட் போக வர இரண்டுக்கும் சேர்த்தே தருவார்கள், அதைத் தொலைக்காதீர்கள். குகைக்கான தொல்லியல் துறை நுழைவுக் கட்டணம் இந்தியர்களுக்கு 40 ரூபாய், அது வேறு. படியில் குரங்குகள் கையில் இருக்கும் பாட்டிலையும் பொட்டலத்தையும் பிடுங்கும். தின்பண்டம் பைக்குள் இருக்கட்டும், ஜிப்பைப் பூட்டுங்கள்.

லைஃப் ஜாக்கெட் பற்றி ஒரு வார்த்தை. 2024 டிசம்பர் 18 அன்று எலிஃபண்டாவுக்குப் போன பயணிகள் படகில் கடற்படையின் வேகப் படகு ஒன்று மோதி, பதின்மூன்று பேருக்கும் மேல் இறந்தார்கள். படகில் ஏறியவுடன் ஜாக்கெட்டைக் கேட்டு வாங்கி, வார்களை இடுப்பில் இறுக்கி மாட்டுங்கள். அதைச் சுருட்டிப் போட்டு மேலே உட்கார்ந்து போகிறவர்களைப் பார்த்து நீங்களும் அப்படியே செய்யாதீர்கள். குழந்தைக்குக் குழந்தை அளவுதான் வேண்டும். பெரியவர் அளவை மாட்டினால் தண்ணீரில் அது தலைவழியே நழுவிவிடும்.

படகிலிருந்து இறங்கியதும் மதியச் சாப்பாடு ஃபோர்ட் பகுதியில். இதற்கும் சனிக்கிழமையே சரி. ஃபோர்ட்டும் பல்லார்ட் எஸ்டேட்டும் அலுவலகப் பகுதிகள், ஞாயிறு அங்கே பல கடைகளில் ஷட்டர் இறங்கியிருக்கும். மாலை மரைன் டிரைவ், அதற்குத் திட்டமே தேவையில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். உள்ளூர்க்காரர்களுக்கு ‘மெகா பிளாக்’ என்ற சொல்லே போதும். ரயில்வே பாதைப் பராமரிப்புக்காகப் பெரும்பாலான ஞாயிறுகளில் காலை பத்தரை, பதினொன்றிலிருந்து மாலை நான்கு வரை சில பாதைகளை அடைத்துவிடும். எந்தப் பகுதி என்று முந்தைய நாளே அறிவிப்பு வரும். மத்திய ரயில்வேயில் அடிக்கடி அடைபடுவது மாட்டுங்கா–முலுண்ட் பகுதி. ஹார்பர் லைன் என்ற லோக்கல் ரயில் பாதையில் பிளாக் என்றால் அந்தப் பகுதியில் வண்டியே ஓடாது.

அதனால் மாட்டுங்கா காபியை ஞாயிறு காலை ஏழரைக்கே வைத்துக்கொள்ளுங்கள். பிளாக் தொடங்கியிருக்காது, பெட்டியும் காலியாக இருக்கும். கிங்ஸ் சர்க்கிள் பக்கத்து உடுப்பி, மதராஸ் கடைகளில் எட்டரைக்கு மேல் போனால் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டுத் தெருவில் நிற்க வேண்டியதுதான். ஒரு நல்ல ரசவடைக்காக நிற்கலாம் என்பது எங்கள் கட்சி, ஆனால் கையில் இருப்பது இரண்டே நாள். நிலையத்தின் பெயரில் பலர் ஏமாறுகிறார்கள். ‘மாட்டுங்கா’ மத்திய ரயில்வேயில், ‘மாட்டுங்கா ரோடு’ மேற்கு ரயில்வேயில், ‘கிங்ஸ் சர்க்கிள்’ ஹார்பர் லைனில். நமக்கு வேண்டியது முதலாவது. சி.எஸ்.எம்.டி.யில் ஸ்லோ வண்டியில் ஏறினால் எட்டாவது நிறுத்தம். பலகையில் ஊர்க் குறியீட்டுக்குப் பக்கத்தில் ‘எஸ்’ இருந்தால் ஸ்லோ, ‘எஃப்’ இருந்தால் ஃபாஸ்ட். ஃபாஸ்ட் வண்டி மாட்டுங்காவில் நிற்காது. இரண்டாம் வகுப்பு டிக்கெட்டோடு முதல் வகுப்புப் பெட்டியில் ஏறிவிட்டால் அபராதம் உண்டு. இரண்டுக்கும் வெளித்தோற்றத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது, கதவருகே எழுதியிருப்பதைப் படித்துவிட்டு ஏறுங்கள்.

ஒன்பதரைக்குத் திரும்பிவிட்டால் ஃபோர்ட் வீதிகள் காலியாக இருக்கும், நடப்பதற்கு வாரத்திலேயே இதுதான் நல்ல நேரம். 1888இல் கட்டி முடித்த சி.எஸ்.எம்.டி. கட்டடத்தை எதிர்ச் சாரியில் நின்று பாருங்கள்.

ஹாஜி அலிக்கு எப்போது போவது என்பதை நாட்காட்டி சொல்லும். தர்கா கடலுக்குள் ஒரு பாறைத்திட்டில் இருக்கிறது. கரையிலிருந்து போகும் தாழ்வான பாதை பெரிய கடலேற்றத்தில் தண்ணீருக்குள் போய்விடும். மும்பையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடலேற்றம் மதியம் பன்னிரண்டு, ஒன்றை ஒட்டி வரும், ஏற்றமும் பெரியது. அந்த நாட்களில் காலை எட்டுக்குள்ளோ மாலை ஐந்துக்கு மேலோ போங்கள். ஒவ்வொரு நாளும் ஏற்றம் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அஷ்டமி பக்கம் என்றால் ஏற்றம் சிறியது, அவ்வளவு கவலை வேண்டாம். அன்றைய நேரத்தைக் கடலேற்ற அட்டவணையில் ஒரு முறை சரிபார்த்துக்கொண்டால் போதும்.

ஜூன் முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை இந்தக் கணக்கு ஊருக்கே பொருந்தும். மழைநீர்க் கால்வாய்கள் பலவற்றின் வாய் கடலேற்ற மட்டத்துக்குக் கீழே இருப்பதால், பெருமழையும் நாலரை மீட்டர் ஏற்றமும் ஒரே நேரத்தில் வந்தால் தண்ணீர் கடலுக்குப் போகாமல் தெருவில் நிற்கும். சயன், கிங்ஸ் சர்க்கிள், ஹிந்த்மாதா முதலில் மூழ்கும், லோக்கல் ரயிலும் நின்றுவிடும். 2005 ஜூலை 26இல் சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் கொட்டியதை ஊர் இன்னும் மறக்கவில்லை. அந்த மாதங்களில் கடல் மோசமானால் எலிஃபண்டாப் படகும் நிறுத்தப்படும். தேதி உங்கள் கையில் என்றால் நவம்பர் முதல் பிப்ரவரி வரை பாருங்கள்.

திரும்பும் விமானம் ஞாயிறு இரவு என்றால், பையை லாட்ஜிலேயே விட்டுவைக்க முடியுமா என்று வந்த அன்றே கேட்டு வையுங்கள். புறப்பாட்டுக்கு மூன்று மணி நேரம் முன்பு சர்ச்கேட்டில் மெட்ரோ ஏறினால் போதும். எந்த முனையம் என்று டிக்கெட்டில் பார்த்துவிட்டு ஏறுங்கள். டி1இல் இறங்க வேண்டியவர் டி2 வரை போய்விட்டால், எதிர் வண்டி பிடித்துத் திரும்புவதில் கால் மணி நேரமாவது போய்விடும்.