கேட்டுக்குப் பூட்டு இல்லை

கொத்தடிமை வழக்கு நடத்துகிறேன் என்று சொன்னதும் பலரும் கேட்பது ஒரே கேள்விதான். "பூட்டியா வச்சிருந்தாங்க?" இல்லை. நான் போன செங்கல் சூளைகளில் பெரும்பாலானவற்றுக்குச் சுற்றுச்சுவரே கிடையாது. ஏரிக்கரையை ஒட்டிய வெட்டவெளி, ஒரு பக்கம் மண் குவியல், மறு பக்கம் ஆள் குனிந்து நுழையும் குடிசைகள். கேட் இருக்கும் இடத்திலும் பூட்டு இருக்காது. ஓடிப் போகலாம், போனவர்களும் உண்டு. இரண்டாம் நாளே, சூளைக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் மேஸ்திரி ஊருக்கு வந்து மாமனார் வீட்டு வாசலில் நிற்பார். மூன்றாம் நாள் "அட்வான்ஸ் வாங்கிட்டு ஏமாத்திட்டான்" என்று காவல் நிலையத்தில் மனு போயிருக்கும்.

வட தமிழ்நாட்டில், கட்டணம் வாங்காமல் வழக்கு நடத்தும் ஒரு சிறிய சட்ட அமைப்பில் வேலை செய்கிறேன். அறக்கட்டளையாகப் பதிவு செய்யப்பட்டது. சில வக்கீல்கள், இரண்டு களப்பணியாளர்கள், மழை வந்தால் ஒழுகும் மாடி அறை, இவ்வளவுதான். "பொதுநல வழக்கு" என்றதும் உயர் நீதிமன்றத்தில் கருப்பு அங்கியோடு வாதாடும் காட்சி உங்களுக்கு நினைவுக்கு வரலாம். என் வேலையில் முக்கால்வாசி, கோட்டாட்சியர் அலுவலகத்துப் பெஞ்சில் உட்கார்ந்து ஒரே ஒரு தாளுக்காகக் காத்திருப்பது. அந்தத் தாளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அதற்கு முன் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம். கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் 1976-இல் நிறைவேறியது. முதலில் அவசரச் சட்டமாக வந்ததால் 1975 அக்டோபர் 25 முதலே அமலில் உள்ளதாகக் கணக்கு. முன்பணமோ கடனோ வாங்கியதற்காக ஒருவர் கூலியே இல்லாமலோ பெயருக்கு ஒரு கூலிக்கோ உழைத்தால், அல்லது வேறு வேலைக்குப் போகும் உரிமையை இழந்தால், விருப்பம்போல் வெளியே போய்வரும் உரிமையை இழந்தால், தன் உழைப்பையோ விளைபொருளையோ சந்தை விலைக்கு விற்கும் உரிமையை இழந்தால், அவர் கொத்தடிமை. நான்கும் சேர்ந்து இருக்க வேண்டியதில்லை, ஒன்று போதும். சங்கிலி, சாட்டை, பூட்டு எதுவும் சட்டத்தின் விளக்கத்தில் இல்லை.

உச்ச நீதிமன்றம் இதை இன்னும் விரித்தது. 1982-இல் டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர்கள் பற்றிய வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவதே அரசியல் சாசனத்தின் 23-ஆம் பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்புதான் என்றது. பசி ஒருவரை அந்தக் கூலிக்குச் சம்மதிக்க வைத்தால், அந்தப் பசியும் கட்டாயமே என்பதுதான் அதன் தர்க்கம். அடுத்து ஹரியானாவின் ஃபரிதாபாத் கல்குவாரிகள் பற்றி, கொத்தடிமைகளின் விடுதலைக்காகப் போராடும் பந்துவா முக்தி மோர்ச்சா என்ற அமைப்பு தொடுத்த வழக்கு. நீதிமன்றத்துக்கு எழுதிய ஒரு கடிதமே மனுவாக ஏற்கப்பட்ட வழக்கு அது. கட்டாய உழைப்பு என்று தெரிந்தால் அதன் பின்னால் முன்பணம் இருக்கிறது என்றே அனுமானிக்க வேண்டும், இல்லை என்று காட்டுவது முதலாளியின் பொறுப்பு என்று அதில் தீர்ப்பு வந்தது. சட்டத்தின் 15-ஆம் பிரிவும் நிரூபிக்கும் சுமையைக் கடன் கொடுத்தவர் தலையில்தான் வைக்கிறது. ஆனால் நடைமுறையில் விசாரணைக்கு வரும் அதிகாரி முதலில் கேட்பது, "அட்வான்ஸ் வாங்கினதுக்கு உன்கிட்ட என்ன ஆதாரம் இருக்கு?"

எழுதப் படிக்கத் தெரியாத ஒருவரிடம் கேட்கிற கேள்வியா இது? நோட்டு முதலாளியிடம் இருக்கிறது.

அந்த நோட்டு ஒரு தனி உலகம். சூளையில் ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று பேச்சு. பொங்கல் முடிந்து வந்தால் மழை தொடங்கும் வரை சீசன். நள்ளிரவு தாண்டியதும் எழுந்து மண் குழைத்து, விடிவதற்குள் பாதிக் கல் அறுத்திருப்பார்கள். வாரத்துக்கு ஒரு நாள் சந்தைக்குச் "செலவுக் காசு" கிடைக்கும். அதுவும் நோட்டில் கடனாகவே ஏறும். சீசன் முடிவில் "கணக்கு முடிப்பது" என்ற சடங்கு. 20,000 ரூபாய் வாங்கிக்கொண்டு வந்த ஒரு குடும்பத்துக்கு, மூன்று சீசன் உழைத்த பிறகு 60,000 பாக்கி என்று எழுதியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். மழையில் கரைந்த கல், குழந்தைக்கு ஊசி போட்ட செலவு, ஊர்த் திருவிழாவுக்குப் போய்வந்த நான்கு நாள், எல்லாம் அதில் இருந்தன.

இந்தக் குடும்பங்களில் பலர் இருளர் பழங்குடியினர். சூளை மட்டுமல்ல, அரிசி ஆலை, சவுக்கு வெட்டு, கரி மூட்டம், கல்குவாரி என்று எங்கும் அவர்களைப் பார்க்கலாம். நாங்கள் போய் நின்றால் முதலில் வரும் பதில், "நாங்க நல்லாத்தான் இருக்கோம் வக்கீலம்மா." அதனால் "கொத்தடிமையா இருக்கீங்களா?" என்று நாங்கள் கேட்பதே இல்லை. உங்க அக்கா செத்தப்ப காரியத்துக்குப் போனீங்களா? புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் ஒண்ணா ஊருக்குப் போயிருக்கீங்களா? ஆதார் கார்டு யாருகிட்ட இருக்கு? பக்கத்துச் சூளையில ஆயிரம் கல்லுக்குக் கூட நூறு ரூபா தர்றாங்களாமே, ஏன் போகலை? கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் சிரிப்புதான் பதில். அந்தச் சிரிப்பை வாக்குமூலத்தில் எப்படி எழுதுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

சரி, அந்தத் தாளுக்கு வருவோம். மாவட்ட ஆட்சியரோ அவர் அதிகாரம் கொடுத்த அதிகாரியோ விசாரித்து, இவர் கொத்தடிமையாக இருந்தார், விடுவிக்கப்பட்டார் என்று எழுதிக் கொடுப்பது விடுதலைச் சான்று. தமிழ்நாட்டில் இதைக் கொடுப்பவர் பெரும்பாலும் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர். இந்தச் சான்று கைக்கு வராமல் ஒரு குடும்பம் சூளையை விட்டு வந்தால், அரசின் கண்ணில் அவர்கள் வேலையை விட்டு வந்தவர்கள், அவ்வளவுதான். கடன் ரத்து என்று சட்டம் சொல்லும். ஆனால் அதை மேஸ்திரியிடம் காட்ட ஒன்றும் இருக்காது.

இதை நான் அனுபவப்பட்டுத்தான் கற்றேன். தொழிலுக்கு வந்த இரண்டாம் ஆண்டு, ஓர் அரிசி ஆலை. நாங்கள் கொடுத்த மனுவின் பேரில் அதிகாரிகள் வந்தார்கள். ஆலை அலுவலகத்தில் நாற்காலி போட்டு டீ வந்தது. தொழிலாளர்களை வரிசையாக நிறுத்தி, முதலாளி பத்தடி தள்ளி நிற்க, "யாராவது உங்களைக் கொடுமைப்படுத்துறாங்களா?" என்று கேட்டார்கள். எல்லோரும் தலையை ஆட்டி மறுத்தார்கள். சொந்த விருப்பத்தில் வேலை செய்கிறார்கள் என்று அறிக்கை போனது. சில வாரம் கழித்து ஒரு குடும்பம் ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பிவிட்டது. அரிசி மூட்டை திருடியதாக அவர்கள் மேல் வழக்கு. அதை உடைக்க எங்களுக்கு ஓராண்டுக்கு மேல் ஆனது.

அதிகாரிகளைக் குறை சொல்வது எளிது, அன்று நானும் சொன்னேன். ஆனால் எங்கள் தவறும் அதில் இருந்தது. "இன்னிக்கு ராத்திரி எங்க தூங்குவீங்க, பிள்ளைங்களுக்குச் சோறு யார் தருவாங்க" என்பதை அந்த மக்களிடம் நாங்கள் சொல்லியிருக்கவே இல்லை. போக இடம் தெரியாதவர் உண்மையைச் சொல்ல மாட்டார். இப்போதெல்லாம் மனு கொடுப்பதற்கு முன்பே தங்குமிடம், வண்டி, அரிசி எல்லாம் ஏற்பாடாகிவிடும். விசாரணை முதலாளியின் இடத்தில் நடக்கக் கூடாது, ஒவ்வொரு குடும்பத்தையும் தனியாகக் கேட்க வேண்டும் என்று மனுவிலேயே எழுதிவிடுவோம். கோழியையும் நாயையும் விட்டுவிட்டு யாரும் வண்டியில் ஏற மாட்டார்கள் என்பதும் அப்புறம் தெரிந்துகொண்டது. ஒரு முறை வருவாய் ஆய்வாளர் உட்பட ஆறு பேர் கோழி பிடித்தோம். ஒரு மணி நேரம் ஆனது.

சான்று கிடைத்தால் மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டம் திறக்கும். உடனடி உதவி 30,000 ரூபாய் வரை. பிறகு வயதுவந்த ஆணுக்கு 1 லட்சம், பெண்கள், குழந்தைகள் போன்ற சிறப்புப் பிரிவினருக்கு 2 லட்சம், கடத்தல், பாலியல் சுரண்டல் போன்ற கொடுமைக்கு ஆளானவர்களுக்கு 3 லட்சம். இந்தப் பெரிய தொகை குற்ற வழக்கோடு பிணைக்கப்பட்டிருப்பதுதான் சிக்கல். வழக்கு நகராவிட்டால் பணமும் நகராது. அதனால்தான் சான்றோடு நிற்காமல் முதல் தகவல் அறிக்கைக்கும் துரத்துகிறோம். ஒழிப்புச் சட்டத்தில் அதிகபட்சத் தண்டனை மூன்று ஆண்டுச் சிறையும் 2,000 ரூபாய் அபராதமும் மட்டுமே. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் என்றால் 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும், ஆள்கடத்தல் இருந்தால், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-ஆம் பிரிவையும் சேர்க்கச் சொல்லி வாதாடுவோம். காவல் நிலையத்தில் இதற்குப் பெரும்பாலும் முதல் பதில், "இது லேபர் மேட்டர் மேடம்."

மீட்டுக் கொண்டுவந்தால் போதாது என்பதும் பழைய பாடம்தான். ஃபரிதாபாத் குவாரிகளிலிருந்து விடுவிக்கப்பட்டுச் சொந்த ஊருக்கு அனுப்பப்பட்டவர்கள் ஆறு மாதமாகியும் எந்த உதவியும் இல்லாமல் கிடப்பதைப் பார்த்து, நீரஜா சௌத்ரி என்ற பத்திரிகையாளர் உச்ச நீதிமன்றத்துக்கு எழுதினார். மறுவாழ்வு கொடுக்காமல் விடுவித்தால் பசியே அவர்களை மறுபடி அடிமையாக்கும் என்று 1984-இல் நீதிமன்றம் சொன்னது. எங்களிடம் வரும் குடும்பங்களிலும் சிலர் இரண்டாம் முறை வருகிறவர்கள்.

பணம் என்றதும் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். நிவாரணத் தொகை வரும் என்று மோப்பம் பிடித்து "வந்ததில் பத்துக்கு இரண்டு எனக்கு" என்று பேசும் வக்கீல்களும் தரகர்களும் இருக்கிறார்கள். வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதையும், கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதையும் இந்திய பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன. இலவசமாக நடத்துவதாகச் சொல்லும் அமைப்பும் இதற்கு விலக்கல்ல. எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வெற்று வக்காலத்துப் படிவத்தில் யார் கையெழுத்தோ கைநாட்டோ கேட்டாலும் கொடுக்காதீர்கள். வங்கிப் புத்தகத்தையும் ஏடிஎம் கார்டையும் யாரிடமும் விட்டுவைக்காதீர்கள்.

எங்களைப் போன்ற அமைப்பு எல்லா ஊரிலும் இருக்காது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு எல்லா மாவட்டத்திலும் இருக்கிறது. 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், ஆள்கடத்தலால் பாதிக்கப்பட்டவர்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கிடைப்பார். தொலைபேசி எண் 15100. குழந்தைகள் வேலை செய்வதைப் பார்த்தால் 1098. நீங்கள் வீடு கட்டக் கல் வாங்கப் போகும்போதுகூட இதைக் கவனிக்கலாம்: பள்ளி நாளில் அங்கே பிள்ளைகள் கல்லைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருக்கிறார்களா என்று. முதலாளியிடம் போய் நியாயம் கேட்காதீர்கள். கேட்டால் மறுநாள் அங்கே குடிசைகள் மட்டும்தான் இருக்கும். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் நாளில் இடம், அடையாளம் எழுதி மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். ரசீது முக்கியம்.

சான்று வாங்கியதும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் நாங்கள் சொல்வது, ஐந்து ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள், அசலை யாரிடமும் கொடுக்காதீர்கள் என்பதுதான். போன ஆண்டு ஒரு பாட்டி போன் செய்தார். பழைய மேஸ்திரி வீட்டுக்கு வந்து பாக்கி கேட்டாராம். பதறிப்போய் "நீங்க என்ன பண்ணீங்க?" என்றேன்.

"தாளைக் காட்டினேன். வாங்கிக் கிழிச்சுட்டான்."

எனக்குப் பேச்சு வரவில்லை. பாட்டிக்குச் சிரிப்பு. "அது ஜெராக்ஸு வக்கீலம்மா. இன்னும் நாலு இருக்கு."