ஃபிஸ்க் அடித்த பந்து ஏன் இடப்பக்கம் வளைந்தது?

1975 அக்டோபர் 21. பாஸ்டனின் ஃபென்வே பார்க் மைதானத்தில் தொடங்கிய பேஸ்பால் உலகத் தொடரின் ஆறாவது ஆட்டம் நள்ளிரவு தாண்டியும் முடியவில்லை. பன்னிரண்டாவது இன்னிங்ஸ். 6-6 என்று சமநிலை. சின்சினாட்டி ரெட்ஸ் அணியின் பேட் டார்சி தாழ்வாக வீசிய பந்தை, ரெட் சாக்ஸ் வீரர் கார்ல்டன் ஃபிஸ்க் இடப்பக்க எல்லைக் கம்பத்தை நோக்கி உயரத் தூக்கி அடித்தார். முதல் தளத்தை நோக்கிப் பக்கவாட்டில் துள்ளியபடியே, பந்தை வலப்பக்கம் தள்ளுவதுபோல் இரு கைகளையும் வீசி வீசி அசைத்தார்.

வெறும் பதற்றம் என்று இதை நான் நினைக்கவில்லை. அந்தப் பந்து இடப்பக்கம்தான் வளையும் என்பது அனுபவமுள்ள எந்த ஆட்டக்காரருக்கும் தெரியும்.

வலக்கை ஆட்டக்காரர் இடப்பக்கம் இழுத்து அடிக்கும்போது பந்து மட்டையில் சாய்வாக மோதுகிறது. உராய்வு அதைச் சுழற்றிவிடுகிறது. மேலிருந்து பார்த்தால் இடஞ்சுழியாக. மட்டையும் பந்தும் தொட்டுக்கொண்டிருப்பது ஏறக்குறைய ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான். அதற்குள் எல்லாம் முடிவாகிவிடுகிறது.

பறக்கும் பந்தின் இடப்புறப் பரப்பு, எதிரே வரும் காற்று போகும் திசையிலேயே நகர்கிறது. வலப்புறப் பரப்பு காற்றை எதிர்த்து நகர்கிறது. இதனால் பந்துக்குப் பின்னே கலைந்து செல்லும் காற்று வலப்பக்கமாகத் திரும்புகிறது. காற்றை வலப்பக்கம் தள்ளிய பந்து, எதிர்வினையாக இடப்பக்கம் தள்ளப்படுகிறது. 1852-இல் இதை ஆராய்ந்த ஜெர்மன் இயற்பியலாளரின் பெயரால் இது மேக்னஸ் விளைவு எனப்படுகிறது. கிரிக்கெட்டில் லெக் ஸ்பின் பந்து தரையைத் தொடும் முன்பே காற்றில் விலகுகிறதே, அதற்கும் இதே விசைதான் காரணம்.

இடப்பக்கச் சுவரின் ஸ்கோர் பலகைக்குள் என்பிசி தொலைக்காட்சி ஒரு கேமராவை வைத்திருந்தது. பந்தைத் தொடர்ந்திருக்க வேண்டிய ஒளிப்பதிவாளர் லூ ஜெரார்ட், ஃபிஸ்க்கைவிட்டு லென்ஸைத் திருப்பவில்லை. அருகே ஒரு பெரிய எலி இருந்ததால் அசையவில்லை என்று சொல்லப்படுகிறது. எப்படியோ, அந்தக் கையசைப்பு நமக்குக் கிடைத்தது.

பந்து கம்பத்தில் பட்டது. விதிப்படி அந்தக் கம்பம் ஆடுகளத்துக்குள் சேர்ந்தது. அதில் பட்டால் ஹோம் ரன், அதாவது அடித்தவர் எல்லாத் தளங்களையும் சுற்றி வந்து ஓட்டம் எடுக்கும் அடி. 7-6 என்று பாஸ்டன் வென்றது. இன்னும் கொஞ்சம் வளைந்திருந்தால் அது ஃபவுல், அதாவது எல்லைக்கு வெளியே போன செல்லாத அடி. ஃபிஸ்க் திரும்பி வந்து மறுபடியும் மட்டையைப் பிடித்திருப்பார்.