பாய் நனையாமல் இருக்க ஒரு மாத்திரை, அப்புறம் அந்த மூணு சொம்பு மோர்

போன மாரியம்மன் நோம்பி சமயத்தில், கோபி பக்கத்துக் கிராமத்திலிருந்து எட்டு வயசுப் பையன் ஒருவனை விடிகாலையில் வலிப்போடு தூக்கி வந்தார்கள். ரத்தத்தில் சோடியம், அதாவது உப்பு, 121. குறைந்தது 135 இருக்க வேண்டும். ராத்திரி பாயை நனைக்கிறான் என்று டெஸ்மோப்ரெசின் மாத்திரை எழுதிக் கொடுத்தது நான்தான். மாத்திரை போட்ட பிறகு தண்ணீர் கூடாது என்று அவன் அம்மாவிடம் சொல்லியிருந்தேன். நோம்பிக்கு அவன் போய்த் தங்கியதோ அம்முச்சி (அம்மாவின் அம்மா) வீட்டில். "வெயிலுக்குப் பையன் வாடிப்போயிட்டானுங்க டாக்டர், தண்ணியும் மோருமா மூணு சொம்பு குடிச்சிருப்பானுங்க, அது தப்புங்களா?" என்று அம்முச்சி அழுதார்கள். அவர்களிடம் யாரும் சொல்லவில்லை, நானும்தான்.

இந்த மருந்து என்ன செய்கிறது என்று தெரிந்தால் விஷயம் புரியும். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, 9 அமினோ அமிலங்கள் (புரதத்தைக் கட்டும் துண்டுகள்) கோத்த வாசோப்ரெசின் என்ற ஹார்மோனை விடுகிறது. ஹார்மோன் வந்து பூட்டில் சாவி மாதிரி உட்காரும் இடத்துக்கு ஏற்பி என்று பேர். அது ரத்தக்குழாயில் இருக்கும் வி1 ஏற்பியில் உட்கார்ந்தால் குழாய் சுருங்கி ரத்த அழுத்தம் ஏறும், சிறுநீரகத்தில் இருக்கும் வி2 ஏற்பியில் உட்கார்ந்தால் சிறுநீர் குறையும். பாய் நனைக்கும் பிள்ளைக்கு நமக்கு வேண்டியது இரண்டாவது மட்டும்தான். 1967-இல் செக்கோஸ்லோவாக்கிய வேதியியலாளர்கள் இந்த ஹார்மோனில் இரண்டே இடத்தில் கை வைத்து டெஸ்மோப்ரெசினைச் செய்தார்கள். முதல் அமினோ அமிலத்தின் அமினோ முனையை எடுத்துவிட்டார்கள், அதனால் உடம்பின் நொதிகள் அதைச் சீக்கிரம் வெட்ட முடியாது. எட்டாவதாக இருக்கும் ஆர்ஜினினுக்குப் பதில் அதன் கண்ணாடிப் பிம்பத்தை வைத்தார்கள், ரத்த அழுத்தத்தை ஏற்றும் வேலை ஏறக்குறைய நின்றே போனது. அசல் ஹார்மோன் நிமிடக் கணக்கில் கரைந்துபோகும், இதுவோ ராத்திரி முழுக்க வேலை செய்யும். (படிக்கிற காலத்தில் இதைப் பார்த்து நான் வாய் பிளந்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது.)

கீழ்பவானி வாய்க்காலில் மடை திறந்தால் தண்ணீர் வயலுக்குப் போகும் இல்லையா, வி2 ஏற்பி தூண்டப்பட்டால் சிறுநீரகக் குழலின் சுவரில் அக்குவாபோரின் என்ற மடைகள் வரிசையாகத் திறந்து, வெளியே போக வேண்டிய தண்ணீர் ரத்தத்துக்கே திரும்பிவிடும். மருந்து இருக்கும் வரைக்கும் மடை மூடாது, நாம் எவ்வளவு குடித்தாலும் சரி. குடித்த தண்ணீர் உள்ளேயே தங்கி ரத்தத்தின் உப்பை நீர்த்துப்போகச் செய்யும், மூளை வீங்கும்.

இன்னொன்று, ஏற்பியைத் தேர்ந்தெடுக்கும் மருந்து உறுப்பைத் தேர்ந்தெடுப்பதில்லை. ரத்தக்குழாயின் உள்சுவரிலும் வி2 உண்டு, அங்கே இதே மருந்து ரத்தம் உறைய உதவும் புரதங்களை வெளியே விடச் செய்யும். லேசான ஹீமோஃபிலியா ஏ (ரத்தம் சரியாக உறையாத பரம்பரை நோய்) உள்ளவர்களுக்குப் பல் பிடுங்கும் முன் இதைக் கொடுப்பது அதனால்தான்.

சரி, வீட்டில் செய்ய வேண்டியது. மாத்திரைக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து எட்டு மணி நேரம் பின்பு வரை, நாக்கு நனைய ஒரு வாய்க்கு மேல் எதுவும் வேண்டாம். மோர், இளநீர், பால் எல்லாமே தண்ணீர்க் கணக்குத்தான். காய்ச்சல், வாந்தி, பேதி என்றால் அன்றைக்கு மாத்திரையை நிறுத்துங்கள். மூக்கில் அடிக்கும் ஸ்பிரேவும் மாத்திரையும் ஒரே அளவு இல்லை, குடலில் மிகச் சொற்பமே ஏறும் என்பதால் மாத்திரையில் மருந்து பல மடங்கு அதிகம், மருந்துக் கடையில் மாற்றி வாங்காதீர்கள். பாய் நனைக்கும் பிள்ளைகளுக்கு ஸ்பிரே வேண்டவே வேண்டாம். தலைவலி, குமட்டல், மந்தம் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு வந்து, வாசலிலேயே மாத்திரை பெயரைச் சொல்லுங்கள்.

அன்றைக்குப் பையனின் மாமா, "புள்ள சோர்ந்து கெடக்கறான், ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏத்தி விடுங்க" என்று நர்ஸோடு சண்டைக்கு நின்றார். அந்த பாட்டிலில் இருப்பதும் கிட்டத்தட்ட வெறும் தண்ணீர்தான், ஏற்றியிருந்தால் சோடியம் இன்னும் இறங்கியிருக்கும். நாங்கள் ஏற்றியது 3 சதவீத உப்புத் திரவம், அதுவும் அளந்து அளந்து. மறுநாள் மதியம் பையன் எழுந்து உட்கார்ந்து, நோம்பியில் வாங்கிய பொம்மை பஸ்ஸை எங்கே என்று கேட்டான்.